பின்னங்கால்

ராயக்கோட்டையில் எங்கள் வீட்டு யானைக்கு
முன்னங்கால் தம்பி லோகித்,
பின்னங்கால் அப்பா.
நடுவில் ஒரு சாம்பல் கம்பளி.
சொட்டுநீர்ப் பாசனம் போட்டதில் மிச்சமான
கறுப்புக் குழாய் ஒன்றரை முழம், தும்பிக்கை.

சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு நாடகம்.
கவிழ்த்துப் போட்ட தக்காளிக் கிரேடுதான் நாற்காலி.
டிக்கெட் ஒரு வேர்க்கடலை.
பார்க்க வருகிறவர்கள் சித்தப்பா,
பக்கத்து வீட்டு நாகவேணி அக்கா,
அப்புறம் போர்மேன்.
போர்மேன் எங்கள் நாய்.
யார் வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து
பார்த்துக்கொண்டே இருக்கும்.
தான் ஒன்றும் செய்யாது. அதனால் அந்தப் பேர்.

எழுதுவது நான்.
கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து
இதுவரை பதினொரு நாடகம்.
பூனை வீட்டு வாடகை கேட்பது,
கொசுவுக்குப் பெண் பார்ப்பது,
எருமைக்கு ஆதார் அட்டை எடுப்பது.
கைரேகை வைக்கச் சொன்னதும் எருமையான சித்தப்பா
காலைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.
நாகவேணி அக்கா சிரித்ததில்
கடலை புரையேறி மூக்கு வழியாக வந்தது.

அந்த வாரம் சிரிக்க ஒன்றுமில்லை.
தக்காளி கிலோ நாலு ரூபாய்.
வேன் வாடகை கட்ட
அம்மாவின் ஆட்டைக் குந்தாரப்பள்ளிச் சந்தையில்
அப்பா விற்றுவிட்டு வந்தார்.
சொல்லாமல்.
செவலை ஆடு, ஒரு காது மடிந்தது, பேர் சொர்ணம்.
நாலு நாள்
தட்டு பேசியது, கரண்டி பேசியது,
அம்மா பேசவில்லை.

நான் எழுதி வைத்தது வேறு:
ராகிக் கொல்லையில் யானை புகுகிறது,
காவலுக்கு இருக்கும் கோழி விரட்டுகிறது.
கோழி அம்மா. ஒரே வசனம்,
"இது யார் கொல்லை தெரியுமா?"
வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.
வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகி,
என் சிவப்பு ரிப்பனைக் கொண்டையில் குத்தி,
கை இரண்டையும் மடக்கி இறக்கையாக்கி
நேராகப் போனாள்,
தும்பிக்கைப் பக்கம் இல்லை,
வால் பக்கம்.

"கொக்கொக்கொக்...
சொர்ணத்தை விக்கிறதுக்கு முன்னால
இந்தக் கோழிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நோட்டில் இல்லாத வசனம்.
லோகித் என்னைப் பார்த்தான். குழாய் தொங்கியது.
போர்மேன் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தியது.

ரொம்ப நேரம் கழித்துக் கம்பளிக்குள்ளிருந்து:
"நான் பின்னங்காலுங்க.
முன்னால என்ன நடக்குதுன்னு
பின்னங்காலுக்குத் தெரியாதுங்க."

"தெரியாத காலு சந்தை வரைக்கும் நடந்துச்சே?"

"நடந்துச்சு.
திரும்பி வரும்போதுதான் நடக்க முடியல."

சித்தப்பா சிரிக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.
அம்மா ஒரு காலால் தரையைக் கிளறினாள்,
கோழி மாதிரியே,
கிளறிக்கொண்டே இருந்தாள்.
என்ன செய்வதென்று தெரியாமல் லோகித்
குழாயை வாயில் வைத்து ஒரு பிளிறல் பிளிறினான்.

அவ்வளவு நன்றாக அவன் பிளிறியதே இல்லை.
மேல்தெருவில் யாரோ "ஆனை! ஆனை!" என்றார்கள்.
டார்ச் வெளிச்சம் எங்கள் ஓட்டின்மேல் ஓடியது.
தகரம் தட்டுகிற சத்தம்,
பின்னாலேயே ஒரு வெடி.
போர்மேன் கட்டிலுக்கு அடியில்.
யானை பயந்து இரண்டாகப் பிய்ந்தது.
முன்னங்கால் சமையலறைக்கு ஓட,
பின்னங்கால் கம்பளியோடு கோழிமேல் விழுந்தது.

அம்மா சிரித்தாள்,
முதலில் கோழியாக, அப்புறம் அம்மாவாக.
சிரித்து முடித்து, "ஆடு ஆடுதான்" என்றாள்.
விட்டுக்கொடுத்தாளா இல்லையா
எங்களுக்கு விளங்கவில்லை.
அது வீட்டு யானைதான் என்று தெருவுக்குச் சொல்லிப் புரியவைக்க
சித்தப்பாவுக்குக் கால் மணி நேரம் ஆனது.

அடுத்த நாடகத்துக்கு ஆள் பிரிக்கும்போது
அம்மா நோட்டை வாங்கி அவளே எழுதினாள்:
பின்னங்கால், பச்சியம்மாள்.
கோழி, மாதேஷ்.

திங்கள்கிழமை விடிகாலை
மண்டியில் கிரேடு தூக்கும்போது
அப்பா தனியாகக் கொக்கரித்துப் பார்த்தாராம்.
முனிரத்தினம் அண்ணன் வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார்:
"உங்கப்பனுக்குச் சேவல் வரவே இல்லை பாப்பா,
கோழி பரவாயில்ல."